மழைக்கு மூன்று விரற்கடை

கொப்பியின் நாற்பத்தோராம் பக்கத்தில் ஸ்ரீதரனின் பெயர் இருந்தது. முழுப் பெயர் இல்லை, 'ஸ்ரீ' என்று மட்டும். கீழே வரிசையாகத் திகதிகள், ஒவ்வொரு திகதிக்கும் எதிரே சரி அல்லது பிழை அடையாளம், அடியில் கூட்டல்: பதினான்கு முயற்சி, ஒன்பது பிழை. அதற்கும் கீழே, பிள்ளைகளின் பரீட்சைத் தாளில் வாத்தியார் எழுதுகிற மாதிரி சிவப்புப் பேனையால் ஒரு வரி. 'காரணம்: சிந்திப்பதில்லை.'

தேயிலைத் தோட்டத்து ஏழாம் நம்பர் மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டும் வேலையில் நின்றவனை, முழங்கால்வரை சேற்றோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து பொலிஸ் நிலையத்துப் பெரிய மேசைக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். வடக்கில் போர் நடந்துகொண்டிருந்த இரண்டாயிரத்தெட்டாம் ஆண்டு. தமிழ்ப் பெயருள்ள ஒருவன் அந்த மாதிரி மேசைக்கு முன்னால் நின்றால் முதலில் பயம்தான் வரவேண்டும். ஸ்ரீதரனுக்கு முதலில் வந்தது ஆத்திரம். சிந்திப்பதில்லையாம். இதை எழுதின கஜேந்திரன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியராகச் சேர்ந்து முழுசாக இரண்டு வருடம் ஆகவில்லை, அதற்குள் ஊரில் உள்ளவனுக்கெல்லாம் புள்ளி போட வந்துவிட்டான். தன் பெயரை இவன் எப்போது கொப்பியில் ஏற்றினான், எத்தனை நாள் ஒரு மூலையில் உட்கார்ந்து தன் அடிகளை எண்ணிக்கொண்டிருந்தான் என்று நினைக்க நினைக்க அந்த ஆத்திரம் ஏறியது.

"இந்த ஸ்ரீ நீயா?" என்று நிலையப் பொறுப்பதிகாரியான ஓஐசி சிங்களத்தில் கேட்டார்.

"நான்தான் மாத்தயா."

"பதினாலு தடவை என்ன முயற்சி பண்ணின?"

"பூல் விளையாட்டு மாத்தயா. ரஸாக் முதலாளியோட கடையில. குஷன்ல போட்டுப் பந்து எடுக்கிறது."

ஓஐசி சிரிக்கவில்லை. கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் ஒரே படம். ஒரு நீள்சதுரம். நான்கு மூலையிலும் இரண்டு நீளப் பக்கங்களின் நடுவிலும் ஆறு இடைவெளி. உள்ளே சின்ன வட்டங்கள், அம்புக்குறிகள், பாகை அளவுகள். எல்லாவற்றையும்விட மோசம், சதுரத்துக்கு வெளியே வைத்திருந்த புள்ளிகள். அந்தப் புள்ளிகளிலிருந்து உடைந்த கோடுகள் சதுரத்தின் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்தன.

"ஆறு வாசல் உள்ள ஒரு முகாம். வெளியில ஒரு ஆள் நிக்கிறான். அவன்கிட்ட இருந்து கோடு உள்ள போகுது. பாகை எழுதியிருக்கு. நீ என் இடத்துல இருந்தா இதைப் பாத்து விளையாட்டுன்னு சொல்லுவியா?"

அந்த வெளிப்புள்ளி என்ன என்று ஸ்ரீதரனுக்குத் தெரியும். அதை விளக்க வேண்டுமென்றால் கஜேந்திரனின் கணக்கைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவன் நாக்கு எழும்பவில்லை.

நடந்தது இதுதான். சனிக்கிழமை காலையில் கஜேந்திரன் ஆசிரியர் கூட்டம் ஒன்றுக்காகக் கலவானையிலிருந்து இரத்தினபுரி போகிற பஸ்ஸில் ஏறினான். வழியில் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். பையைத் திறந்தார்கள். உள்ளே சோற்றுப் பார்சல், குடை, பாகைமானி, கொப்பி. சோற்றைக்கூடக் கிளறிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள், கொப்பியை விடவில்லை. இன்று செவ்வாய்க்கிழமை. நாளைக் காலை கொழும்புக்கு வண்டி போகிறது. அந்த வண்டியில் ஏறியவர்கள் எப்போது திரும்பினார்கள், எப்படித் திரும்பினார்கள் என்பதற்குத் தோட்டத்தில் இரண்டு மூன்று வீடுகளில் கதை இருந்தது. ஒரு வீட்டில் கதை இன்னும் முடியவில்லை.

ஓஐசி கொப்பியை மூடினார். "ரஸாக்கும் இதையேதான் சொல்றான். நாலு பேர் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லலாம். மேசை சொல்லாது. வா, போய் மேசையைக் கேப்போம்."

வெளி வராந்தாவில் அழகம்மா உட்கார்ந்திருந்தாள். கஜேந்திரனின் தாய். கொழுந்துப் பை கட்டுகிற படங்குச் சாக்கு இடுப்பிலேயே இருந்தது. மூன்று நாளாக அங்கேதான் இருக்கிறாள் என்று சொன்னார்கள். அழுது கெஞ்சுவாள் என்று ஸ்ரீதரன் எதிர்பார்த்தான். அவள் எழுந்து அவன் வழியை மறித்து நின்றாள்.

"ஒனக்கும் என் மகனுக்கும் ஆகாதுன்னு லயம் பூரா தெரியும். இப்ப அவன் ஒன் வாயிலதான் நிக்கிறான். நீ வாய மூடிக்கிட்டு நின்ன, பெரட்டுக்களத்துல, வேலைக்கு நிக்கிற அத்தன பேரு முன்னால, ஒன் பேரச் சொல்லி ஒப்பாரி வப்பேன். தெனமும் பொழுது விடிஞ்சா வப்பேன்."

"அத ஒங்க மகன்கிட்ட சொல்லுங்க அத்த. என் பேர எழுதி வச்சு என்னயும் இதுல இழுத்து விட்டது அவன்தான்."

"எழுதுனான். எழுதத் தெரிஞ்சவன் எழுதுனான்" என்றாள் அவள்.

மகனுக்கு அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று ஸ்ரீதரனுக்கு விளங்கியது.

ஜீப்பின் பின்புறத்தில் கஜேந்திரன் ஏற்கனவே உட்கார்ந்திருந்தான். கையில் விலங்கு. கீழுதடு வீங்கி ஒரு பக்கமாகத் தொங்கியது. வலது கையின் இரண்டு விரல்கள் கருநீலமாக உப்பியிருந்தன. ஸ்ரீதரன் எதிர்ப் பலகையில் ஏறி உட்கார்ந்தான். இரண்டு பேரும் முழங்கால் முட்டிக்கொள்ளாமல் ஒதுக்கி வைத்துக்கொண்டார்கள். விடியற்காலையிலிருந்து பெய்கிற மழை ஜீப்பின் படங்கில் கொட்டிக்கொண்டே வந்தது.

ரஸாக் நானாவின் டயர் கடைக்குப் பின்னாலுள்ள நீள அறைக்கு அந்த மேசை வந்து மூன்று வருடம். சுனாமிக்குப் பிறகு மூடிப்போன கடற்கரை ஹோட்டல் ஒன்றின் மேல்மாடியிலிருந்து லொறியில் வந்தது. நேர்ப் பந்தை யாரும் குழியில் போடலாம். ஒரு பந்து இன்னொன்றின் பின்னால் மறைந்து கிடக்கும்போது, வெள்ளைப் பந்தை மேசையோரத்து ரப்பர்க் குஷனில் அடித்து, வளைத்துக் கொண்டுபோய்த் தொட வேண்டும். அதில் ஸ்ரீதரனுக்கு நிகராக அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவும் இல்லை. பதினைந்து வருடமாக மலையில் கான் வெட்டுவதற்குக் குச்சி நடுகிறவன் அவன். ஒரு சரிவைப் பார்த்தால் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கும், எங்கே கரையை உடைக்கும் என்று அவன் கண் சொல்லிவிடும். தோட்டத்துத் துரை மட்டம் பார்க்கிற கருவி கொடுத்திருந்தார். அவன் முதலில் கண்ணால் குச்சியை நட்டுவிட்டு, துரை வருகிற சத்தம் கேட்டால் கருவியை எடுத்துப் பார்ப்பான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ஊரில் ஒரு மரியாதை இருந்ததென்றால் அது அந்த மேசையில்தான் இருந்தது.

அந்த மரியாதையைத்தான் கஜேந்திரன் ஒரு அடிமட்டத்தோடும் நூல்கண்டோடும் வந்து பறித்தான். குஷனை ஒரு கண்ணாடி என்று நினைத்துக்கொள்ளச் சொன்னான். குழி குஷனுக்கு இந்தப் பக்கம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதே தூரத்தில் அந்தப் பக்கம், மேசைக்கு வெளியே, ஒரு குழி இருப்பதாக வைத்துக்கொள். அந்த இல்லாத குழியைப் பார்த்து நேராக அடி. பந்து குஷனில் பட்டு இருக்கிற குழிக்கு வரும். எல்லோரும் சிரித்தார்கள். அவன் அடித்தான். வந்தது. மறுபடி அடித்தான். மறுபடி வந்தது. மாசி மாதத்தில், காய்ந்து கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், பதினெட்டுப் பேர் பார்க்க அவன் ஸ்ரீதரனைத் தோற்கடித்தான். தோற்கடித்ததோடு விட்டிருந்தால்கூடப் போகிறது என்று இருந்திருக்கலாம்.

"கான் வெட்டுற மாதிரி இங்கயும் கண்ணாலயே அளந்தா எப்புடி ஸ்ரீ?" என்று கேட்டான். எட்டு வயது மூத்தவனை அண்ணே என்று கூப்பிட அவனுக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை.

"மழ வரட்டும். மழைக்கு வேற கணக்கு" என்றான் ஸ்ரீதரன்.

"கோணத்துக்கு மழையென்ன, வெயிலென்ன. போற கோணந்தான் வர்ற கோணம். இது ஏழாம் வகுப்புப் பாடம்."

எட்டாம் வகுப்பில் நின்றவனைப் பார்த்து ஏழாம் வகுப்புப் பாடம் என்கிறான். அந்தச் சிரிப்பு அன்றிலிருந்து ஸ்ரீதரனின் காதில் இருந்தது. அவன் மழைக்காகக் காத்திருந்தான். மழை பிடித்துவிட்டால் அந்த அறைக்குள் காற்றே ஈரமாகிவிடும். மேசைத் துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும். குஷனில் பட்ட பந்து வழுக்காமல் கவ்விக்கொண்டு, வரவேண்டிய இடத்துக்கு முன்னாலேயே திரும்பிவிடும். கொப்பி சொல்கிற புள்ளியிலிருந்து மூன்று விரற்கடை முன்னே தள்ளி அடித்தால்தான் சரியாக வரும். மூன்று வருட மழையில் அவன் கை கண்டுபிடித்தது அது. யாருக்கும் சொன்னதில்லை. வைகாசி மழை பிடித்ததும் அவனே போய்ப் போட்டிக்குக் கூப்பிட்டான். வருகிற ஞாயிறு என்று பேசிக்கொண்டார்கள். சனிக்கிழமை இந்த மடையன் பஸ்ஸில் பிடிபட்டான்.

கடை வாசலில் ரஸாக் நானா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நான் அப்பவே சென்னேன் மாத்தயாட்ட, இது வெளயாட்டுக் கொப்பின்னு" என்று ஸ்ரீதரனிடம் தமிழில் முணுமுணுத்துவிட்டு, உள்ளே போய் மேசையின் மேலே தொங்கிய குழல் விளக்கைப் போட்டார். துணி கரும்பச்சையாக இருந்தது. ஸ்ரீதரன் தொட்டுப் பார்க்கத் தேவையில்லை.

ஓஐசி தன் விருப்பத்துக்குக் கொப்பியைத் திறந்தார். இருபத்திமூன்றாம் பக்கம். "இந்தப் படத்தில இருக்கிற மாதிரி பந்துகளை வை."

வெள்ளைப் பந்து ஒரு கோடியில். மூலைக் குழிக்குப் பக்கத்தில் மஞ்சள். இரண்டுக்கும் நடுவே வழியை அடைத்துக்கொண்டு கறுப்பு. படத்தின்படி, வெள்ளை எதிர்ப்பக்கத்து நீளக் குஷனில், பலகையில் பதித்த மூன்றாவது வெள்ளைப் புள்ளிக்கு நேரே பட்டுத் திரும்பி, மஞ்சளைத் தட்டிக் குழிக்குள் தள்ள வேண்டும். ரஸாக் நானா அடிமட்டத்தால் அளந்து அளந்து வைத்தார். கூட வந்த சார்ஜன் விலங்கைக் கழற்றினான். கஜேந்திரன் கோலை எடுத்தான். வீங்கிய விரல்களை மடக்க முடியவில்லை, பெருவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே கோலை இடுக்கிக்கொண்டான். அப்போதும் அவன் மேசையைப் பார்த்த பார்வையில் அந்தப் பழைய திமிர் இருந்தது. மேசைக்கு வெளியே, சுவரில் சாய்த்து வைத்த டயர்களுக்கு நடுவே, தன் இல்லாத குழியைத் தேடிக் கண்டுபிடித்தான். அடித்தான்.

வெள்ளை மூன்றாவது புள்ளிக்கு மயிரிழை பிசகாமல் போய்ப் பட்டது. பட்ட இடத்தில் ஒரு கணம் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றது. பிறகு சோம்பலாகத் திரும்பி, மஞ்சளுக்கு ஒரு சாண் இருக்கும்போதே பக்கத்துக் குஷனில் முட்டி, நடுமேசைக்கு வந்து செத்தது.

தகரக் கூரையில் மழைச் சத்தம். கஜேந்திரன் குஷனையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு முதல் தடவையாக அவன் முகத்தில் பயம் வந்ததை ஸ்ரீதரன் பார்த்தான். அது பொலிசைப் பார்த்து வந்த பயம் இல்லை. கோணம் தன்னைக் கைவிட்டது அவனுக்கு விளங்கவில்லை.

ஸ்ரீதரனுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. பொய் சொல்வானேன், நன்றாகவே பொங்கியது. மாசியிலிருந்து இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவன் கறுவிக்கொண்டு கிடந்தான். அந்தப் பதினெட்டுப் பேரும் இங்கே இல்லை என்பதுதான் குறை.

"இன்னொரு தடவ" என்றான் கஜேந்திரன், தமிழில். பிறகு சிங்களத்தில்.

இன்னொரு தடவையும் அதே இடத்தில் பட்டது. அதே இடத்தில் செத்தது.

ஓஐசி கொப்பியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "நல்லது. மேசையும் சொல்லிட்டுது. உன் கொப்பியில இருக்கிறது இந்த மேசை இல்ல." சார்ஜனைப் பார்த்து, "கொழுந்து பறிக்கிற ஆக்களுக்கு என்ன கோணக் கணக்கு? ஏத்து ஜீப்புல" என்றார்.

சார்ஜன் விலங்கை எடுத்தான். ரஸாக் நானா தொப்பியைத் தலையில் வைத்துவிட்டு மறுபடி கழற்றினார். வாசலுக்கு வெளியே, மழையில், அழகம்மா நடந்தே வந்து சேர்ந்திருந்தாள். அவள் கஜேந்திரனைப் பார்க்கவில்லை, ஸ்ரீதரனைத்தான் பார்த்தாள்.

ஸ்ரீதரன் அந்த நேரத்தில் என்ன நினைத்தான் என்று பிற்பாடு பல பேர் கேட்டார்கள். இரக்கப்பட்டாயா என்று கேட்டார்கள். இரக்கம் ஒன்றும் வரவில்லை. ஓஐசி சொன்ன அந்த ஒரு வார்த்தை, கொழுந்து பறிக்கிற ஆக்கள் என்று அவனையும் கஜேந்திரனையும் ஒரே சாக்கில் அள்ளிப் போட்டது, அவனுக்குச் சுருக்கென்றது. கஜேந்திரனை வெறுக்க அவனிடம் சொந்தக் காரணம் இருந்தது, பாடுபட்டு வளர்த்த வெறுப்பு அது. அதைக் கொண்டுபோய் இவர்களுடைய ஜீப்பில் ஏற்றிவிட அவனுக்கு மனம் வரவில்லை. இன்னொன்று, கொழும்பில் எங்கோ இருட்டறையில் கிடக்கிறவனை மழையில் எப்படித் தோற்கடிப்பது? இன்று தோற்றது கணக்கில் சேராது. கை வீங்கினவனை, விலங்கு போட்டவனை வென்றதாக எவனாவது சொல்லிக்கொள்வானா?

"மாத்தயா, மேச ஈரம்" என்றான்.

ஓஐசி திரும்பினார்.

"இந்தக் கணக்கு காஞ்ச துணிக்கு எழுதினது. மாசியில எழுதினது, திகதி பாருங்க. துணி நனைஞ்சா பந்து குஷன்ல பிடிச்சிக்கிட்டு முன்னாலயே திரும்பிரும். காய வச்சுட்டு அடிச்சா கொப்பியில உள்ள மாதிரி வரும்."

"இப்ப மழையா குத்தவாளி?"

"பத்து நிமிசம் தாங்க."

"நீ இவனோட கூட்டாளியா?"

"இல்ல மாத்தயா. எனக்கு இவனக் கண்ணுல காட்டக் கூடாது. யார வேணும்னாலும் கேளுங்க."

இதைச் சொன்ன வேகத்தில் இருந்த உண்மை ஓஐசிக்கு எட்டியிருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிசம். வரல்லன்னா, ஸ்ரீ, அந்த நாப்பத்தோராம் பக்கத்துக்கும் சேத்து ஜீப்புல இடம் இருக்கு."

அடுத்த கடை மைமூனாவின் தையல் கடை. மின்சாரம் நிற்கிற நாளில் வேலை நிற்கக் கூடாது என்று அவள் எப்போதும் சிரட்டைக்கரி இஸ்திரிப் பெட்டியைக் கனன்றபடியே வைத்திருப்பாள். மூடியின் கொக்கியில் பித்தளைச் சேவல் நிற்கும் பழைய பெட்டி. ஸ்ரீதரன் மழைக்குள் ஓடி அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். ரஸாக் நானா கட்டுகிற பழைய சாரம் ஒன்றை வாங்கி மேசைமேல் விரித்தான்.

"டேய், துணி கருகினா என்ட மேச போச்சு" என்றார் ரஸாக் நானா.

"கருகாது நானா."

வெள்ளைப் பந்து போகிற வழியெல்லாம் தேய்த்தான். பிறகு குஷனில் அது படுகிற இடம். பிறகு அங்கிருந்து மஞ்சள்வரை திரும்பி வருகிற வழி. சாரத்துக்குக் கீழிருந்து ஆவி எழும்பியது. நாய் நனைந்து காய்கிற மாதிரி ஒரு வாடை. சாரத்தை நகர்த்த நகர்த்த அதன் அடியில் துணி நிறம் மாறிக்கொண்டு வந்தது. கரும்பச்சைக்கு நடுவே ஒரு வெளிர்பச்சைப் பாதை, குஷன்வரை போய் அங்கிருந்து மடங்கித் திரும்பியது. கஜேந்திரன் கொப்பியில் வரைந்த அதே கோடு, மேசையில் இப்போது நிஜமாகவே கிடந்தது. அதை வரைந்துகொண்டிருப்பவன் தான்தான் என்பது ஸ்ரீதரனுக்கு உறைத்தது. எந்தக் கணக்கை மழையில் பொய்யாக்க நாள் பார்த்திருந்தானோ, அந்தக் கணக்கை மெய்யாக்க மழையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். நெற்றி வேர்வை மேசையில் விழாமல் தோளில் துடைத்துக்கொண்டான்.

"பந்துக்கு றோட்டுப் போடுறியா?" என்றார் ஓஐசி.

"றோட்டுன்னா கரை இருக்கும் மாத்தயா. இதுல கரை இல்ல. தப்பா அடிச்சா தப்பாத்தான் போகும்."

"அப்ப நீயே அடி."

ஸ்ரீதரன் நிமிர்ந்தான்.

"அவன் கையில என்னமும் வித்தை இருக்கலாம். நீ இந்தக் கொப்பியை நம்பாதவன்னு ரஸாக் சொல்றான். நீ அடி. கொப்பியில எந்தப் புள்ளி இருக்கோ அந்தப் புள்ளிக்கு. அரை விரல் மாத்தி அடிச்சாலும் நான் பாப்பேன்."

கறுப்பையும் மஞ்சளையும் துடைத்து வைத்தார்கள். ஸ்ரீதரன் வெள்ளையைச் சட்டைக்குள் விட்டு வயிற்றில் தேய்த்துச் சூடாக்கி வைத்தான். கோலை எடுத்துக் குனிந்தான். குனிந்ததும் அவன் கை தானாகவே மூன்று விரற்கடை தள்ளிப் போய் நின்றது. வெளியே மழை கொட்டுகிறது, கைக்கு அது கேட்கிறது. மூன்று வருடப் பழக்கம். கையை இழுத்துக்கொண்டு வந்து மூன்றாவது புள்ளிக்கு நேரே நிறுத்தினான். அது மறுபடி நழுவியது. மறுபடி இழுத்தான்.

ஒரு சின்ன நழுவல் போதும். மூன்று விரற்கடை வேண்டாம், ஒரு விரற்கடை. யாருக்கும் தெரியாது. ஓஐசியின் கண்ணுக்கு அது பிடிபடாது, அந்த ஆளுக்கு மேசை தெரியாது. தெரியக்கூடிய ஒரே ஆள் கஜேந்திரன், அவனும் போய்விடுவான். தன்னைப் பற்றிய பக்கத்துக்கு என்ன, ரஸாக் நானா பேசுவார், துரை கடுதாசி கொடுப்பார், அவனை விட்டால் கான் வேலைக்கு ஆள் இல்லை. இதையெல்லாம் அவன் குனிந்தபடியே, நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக யோசித்தான். சிந்திப்பதில்லை என்று எழுதினவன் ஐந்தடி தள்ளி நின்று அவன் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு டயர்களுக்கு நடுவே அந்த இல்லாத குழியைத் தேடினான். ஒருநாளும் அதை அவன் பார்த்ததில்லை, பார்க்க மறுத்திருந்தான். இன்று பார்த்தான். மடிந்து கிடந்த பாதை அவன் கண்ணில் நீண்டு ஒரே நேர்க்கோடாகி, குஷனைத் தாண்டி, சுவரோரத்தில் ஒரு பழைய ட்ரக்டர் டயரின் வயிற்றில் போய் முடிந்தது. எவ்வளவு லேசான சங்கதி. லேசாக இருப்பதே அவனுக்கு அவமானமாக இருந்தது.

அடித்தான்.

வெள்ளை வெளிர்பச்சையில் சத்தமில்லாமல் ஓடியது. குஷனில் பட்டது, ஒட்டவில்லை. திரும்பி வருகிற வழியில், மஞ்சளுக்குக் கிட்டத்தில், ஸ்ரீதரன் சரியாகத் தேய்க்காமல் விட்ட ஓர் ஈரத் திட்டைத் தொட்டுக் கொஞ்சம் தயங்கியது. தயங்கியபடியே போய் மஞ்சளின் விலாவில் தட்டியது. மஞ்சள் குழியின் உதட்டில் ஒரு நொடி நின்று, உள்ளே விழுந்தது. பலகைக்கு அடியில் அது உருண்டு போகிற சத்தம் அறை முழுவதும் கேட்டது.

ரஸாக் நானா ஏதோ ஓதி நெஞ்சில் கையை வைத்தார். சார்ஜன் குனிந்து குழிக்குள் எட்டிப் பார்த்தான்.

ஓஐசி நெடுநேரம் கொப்பியையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. ஒரு வேலை கூடிப்போன ஆளின் முகம். "வாக்குமூலம் எழுதணும். ரஸாக், நீயும் வா. நாளைக்கு வண்டியில ஆள் போறானா இல்லையான்னு நான் பேசிப் பாத்துத்தான் சொல்லணும்" என்றார். கொப்பியைக் கொடுக்கவில்லை. விலங்கை மறுபடி மாட்டச் சொல்லவும் இல்லை.

கஜேந்திரன் வாசலை நோக்கி நடந்தான். இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஸ்ரீதரனுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றான். நன்றி சொல்லப் போகிறான் என்று ஸ்ரீதரன் பயந்தான். அப்படி ஏதாவது சொல்லியிருந்தால் கையில் இருந்த பெட்டியாலேயே முகத்தில் ஒன்று வைத்திருப்பான்.

"அண்ணே" என்றான் கஜேந்திரன். வீங்கின உதட்டில் அந்த வார்த்தை சரியாக வரவில்லை. கண் மட்டும் ஸ்ரீதரனைத் தாண்டி மேசையின் குஷனையே அளந்துகொண்டிருந்தது. "மழைக்கு எத்தன வெரக்கட தள்ளணும்?"

எழுதக் கொப்பி இல்லை, பிடிக்கப் பேனை இல்லை, நாளைக்கு எங்கே இருப்பான் என்று தெரியாது. அப்போதும் அவனுக்குத் தெரிய வேண்டியது அதுதான். அந்தக் கேள்வியில் இருந்த தோல்வியை ஸ்ரீதரன் கேட்டான். மாசியிலிருந்து அவன் கேட்க ஏங்கியது அது. கேட்டதும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சும்மா இருந்த கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினான்.

கஜேந்திரன் தலையை ஆட்டினான். உதடு அசைந்தது, மனதுக்குள் எழுதிக்கொள்கிறான் போல. பிறகு மழைக்குள் இறங்கினான். அழகம்மா அவன் தலைக்கு மேலே படங்குச் சாக்கைப் பிடித்துக்கொண்டு ஜீப்வரை கூடவே ஓடினாள். ரஸாக் நானா முன்னால் ஏறினார். ஜீப் சேற்றை வாரி அடித்துக்கொண்டு சந்தியைத் திரும்பியது.

ஸ்ரீதரன் அறையில் தனியாக நின்றான். இஸ்திரிப் பெட்டிக்குள் கரி சாம்பலாகிக்கொண்டிருந்தது. மேசையில் அந்த வெளிர்பச்சைப் பாதையின் இரண்டு ஓரத்திலிருந்தும் ஈரம் உள்ளே ஊறி வரத் தொடங்கியிருந்தது. முதலில் மஞ்சள் கிடந்த முனை கறுத்தது, பிறகு குஷனோடு மடங்கிய இடம். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். இடது கையில் இரண்டு விரல் இன்னும் நீட்டியபடி இருந்தது, மூன்றாவதைப் பெருவிரல் உள்ளங்கையோடு அழுத்திப் பிடித்திருந்தது.